ரன்னிங் பேக் அணி மாறினால் ஓட்டமும் கூடவே வருமா?

அமெரிக்கக் கால்பந்து ஆடும் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியில் ஓர் இடம் இருக்கிறது. பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஓடுகிற ரன்னிங் பேக்குக்கான இடம். 2022-இல் அங்கே மைல்ஸ் சாண்டர்ஸ் இருந்தார். அந்த ஆண்டு 1,269 கெஜம் ஓடினார். ஓர் ஓட்டத்துக்குச் சராசரி 4.9. இதைப் பார்த்த கரோலைனா பாந்தர்ஸ் அணி நான்கு ஆண்டு ஒப்பந்தம் போட்டு அவரைக் கொத்திக்கொண்டு போனது. அங்கே முதல் ஆண்டில் அவர் ஓடியது மொத்தமே 432 கெஜம், சராசரி 3.3. காலியான இடத்துக்கு டெட்ராய்ட்டிலிருந்து டிஆண்ட்ரே ஸ்விஃப்ட் வந்தார். 2023-இல் 1,049 கெஜம், சராசரி 4.6. அவரைச் சிகாகோ பேர்ஸ் அழைத்துக்கொண்டது. 2024-இல் அங்கே 3.8-க்கு இறங்கினார். அப்புறம் அதே இடத்துக்கு சேக்வான் பார்க்லி வந்தார். முந்தைய ஆண்டு நியூயார்க் ஜயண்ட்ஸில் அவருடைய சராசரி 3.9. ஈகிள்ஸில் 5.8. மொத்தம் 2,005 கெஜம், என்.எஃப்.எல். என்ற அந்த லீகின் வரலாற்றில் ஒரே பருவத்தில் இரண்டாயிரத்தைத் தொட்ட ஒன்பதாவது ஆள்.

போன இருவரும் இறங்கினார்கள், வந்தவர் ஏறினார். அப்படியானால் ஓடியது ஆளா, இடமா?

அமெரிக்கக் கால்பந்தில் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதம் வீரர்கள் அணி மாறும்போது கோடிக்கணக்கான டாலர் புரள்வது இந்தக் கேள்வியின் மேல்தான். விளையாட்டே பரிச்சயம் இல்லாதவர்களுக்கும் புரியும் விஷயம் இது. சின்ன அறிமுகம் மட்டும் போதும்.

இரு பக்கமும் பதினொரு பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. யார்டு என்பது துணிக்கடையில் அளக்கும் அதே கெஜம்தான், அதனால் நான் கெஜம் என்றே எழுதுகிறேன். அணியின் மூளை குவார்ட்டர்பேக். அவர் பந்தை முன்னால் வீசலாம், இல்லையென்றால் பக்கத்தில் நிற்கும் ரன்னிங் பேக்கின் கையில் திணிக்கலாம். திணித்தால் ரன்னிங் பேக் எதிரணிக் கூட்டத்துக்குள் புகுந்து ஓட வேண்டும். ஓர் ஓட்டத்துக்கு லீகின் சராசரி நாலேகால் கெஜம் வாக்கில் இருக்கும். 5 என்றால் பிரமாதம், மூன்றரைக்குக் கீழே போனால் பயிற்சியாளர் முகம் சுளிப்பார்.

ஓடுகிறவருக்கு முன்னால் ஐந்து மலைகள் நிற்கும். இவர்கள்தான் ஆஃபென்சிவ் லைன். ஆளுக்கு 140 கிலோ வாக்கில் இருப்பார்கள். எதிராளிகளைத் தள்ளி வழி திறப்பது இவர்கள் வேலை. பந்தோடு ஓடுவதே இல்லை, பெயரும் யாருக்கும் தெரியாது. ஓடியவர் பெயர் மட்டும் திரையில் வரும்.

வாடகை வீட்டைக் காலி செய்யும்போது சில சாமான்கள் மூட்டையில் வரும். சில அந்த வீட்டோடு நின்றுவிடும். கிணற்றுத் தண்ணீரையும் ஜன்னல் காற்றையும் கட்டி எடுத்துப் போக முடியாது. ரன்னிங் பேக்கின் எண்களும் அப்படித்தான். ஒருவர் புது அணியில் எப்படி ஆடுவார் என்று கணிப்பது, அவருடைய பழைய கெஜங்களில் எவை மூட்டையில் வரும், எவை வீட்டோடு தங்கும் என்று பிரித்துப் பார்க்கும் வேலை.

வீட்டோடு தங்குவதில் பெரிய பங்கு அந்த ஐவர் வரிசைக்கு. பார்க்லி விட்டுவந்த ஜயண்ட்ஸின் லைன் எப்படி இருந்தது? 2023-இல் அந்த அணியின் குவார்ட்டர்பேக்குகள் பந்தை வீசும் முன்பே 85 முறை அமுக்கப்பட்டார்கள். லீக் வரலாற்றிலேயே இரண்டாவது மோசமான எண் அது. (முதலிடம் 1986-இன் ஈகிள்ஸுக்கு, 104 முறை. காலம் எப்படியெல்லாம் திரும்புகிறது பாருங்கள்.) அந்த வரிசைக்குப் பின்னால் 3.9 எடுப்பதே கெட்டிக்காரத்தனம்.

அங்கிருந்து அவர் வந்து சேர்ந்த இடத்தில் இடது ஓரத்தில் ஜோர்டன் மைலாட்டா நின்றார். ஆஸ்திரேலியர், ரக்பி லீக் ஆடியவர். 2018-இல், அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் டிராஃப்ட்டின் ஏழாவது சுற்றில் ஈகிள்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தபோது அமெரிக்கக் கால்பந்தில் ஒரு போட்டிகூட ஆடியதில்லை. அவரை லீகின் சிறந்த தடுப்பாளர்களில் ஒருவராக வடித்தவர் லைன் பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டவுட்லேண்ட். வலது ஓரத்தில் லேன் ஜான்சன், நடுவே லேண்டன் டிக்கர்சன், கேம் ஜர்கன்ஸ், மெக்காய் பெக்டன். இப்படி ஒரு வரிசைக்குப் பின்னால் ஓடுகிறவர் எதிராளியின் கை மேலே படுவதற்குள் சில கெஜம் தாண்டியிருப்பார்.

இந்தத் ‘தொடுவதற்கு முன், தொட்ட பின்’ என்ற பிரிவுதான் கணிப்பின் முதல் பாடம். ஓட்டத்தை இரண்டாக வெட்டுகிறார்கள். எதிராளி முதலில் தொடும்வரை ஓடிய கெஜம் பெரும்பாலும் லைன் சம்பாதித்துக் கொடுத்தது. தொட்ட பிறகு, இழுத்துக்கொண்டோ உதறிக்கொண்டோ ஓடிய கெஜம் பெரும்பாலும் ஓடுகிறவர் சொந்தமாகச் சம்பாதித்தது. இரண்டாவதுதான் மூட்டையில் வருவது. முழுக்க அப்படியென்றும் சொல்ல முடியாது. சந்து தெரியும் கண் இருந்தால் முதல் தொடுகையையே தள்ளிப்போடலாம், அது ஓடுகிறவரின் திறமைதான். ஆனாலும் ஆரம்பத்துக்கு இந்த வெட்டு உதவும்.

இன்னும் நுட்பமான வழியும் வந்துவிட்டது. என்.எஃப்.எல். வீரர்களின் தோள்கவசத்துக்குள் சின்ன மின்னணுச் சில்லு இருக்கிறது. யார் எங்கே, எவ்வளவு வேகத்தில் போகிறார் என்று விநாடிக்குப் பத்து முறை சொல்லும். 2019-இன் கடைசியில் லீக் இந்தத் தரவைக் காகிள் என்ற தரவுப் போட்டித் தளத்தில் போட்டு ஒரு போட்டி வைத்தது. பந்து கைமாறும் நொடியில் 22 பேரும் எங்கே நிற்கிறார்கள் என்பதை வைத்து, இந்த ஓட்டம் எத்தனை கெஜம் போகும் என்று சொல்ல வேண்டும். அதில் ஜெயித்த மாதிரியை அடிப்படையாக வைத்துத்தான் ‘எதிர்பார்த்த கெஜம்’ என்ற கணக்கு லீகின் புள்ளிவிவரத்துக்குள் வந்தது. சராசரி ஆள் ஒருவர் இதே இடத்தில் 4 கெஜம் போயிருப்பார், இவர் 6 போனார் என்றால் உபரி 2 இவருடையது. அணி மாறுகிறவர்களைப் பார்க்கும்போது மொத்த கெஜத்தை விட்டுவிட்டு இந்த உபரியைத்தான் முதலில் தேட வேண்டும்.

லைனுக்கு அடுத்தது ஓட்ட முறை, அவர்கள் பாஷையில் ஸ்கீம். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஓட்ட முறையில் இரண்டு பெரிய குடும்பங்கள். ஒன்று சோன். ஐவரும் ஒரே பக்கமாக, நடனக்காரர்கள் போல, சேர்ந்து நகர்வார்கள். எந்தச் சந்து திறக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. ஓடுகிறவர் பக்கவாட்டில் கூடவே போய், சந்து தெரிந்த கணத்தில் ஒரே காலை ஊன்றித் திரும்பிப் பாய வேண்டும். இரண்டாவது குடும்பம் கேப் அல்லது பவர். எந்தச் சந்து என்று முன்பே முடிவாகிவிடும். பின்பக்கத்திலிருந்து ஒரு லைன்மேன் சுற்றிவந்து முன்னே இடித்துக்கொண்டு போவார், ஓடுகிறவர் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். முதலாவதுக்குக் கண்ணும் பொறுமையும் வேண்டும். இரண்டாவதுக்குத் தயக்கமில்லாத பாய்ச்சல் வேண்டும். ஒன்றில் மன்னனாக இருப்பவர் மற்றதில் தடுமாறலாம்.

டென்வர் பிராங்கோஸில் மைக் ஷானஹன் பயிற்சியாளராக இருந்த காலத்தைப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். அங்கே சோன் முறை கொடிகட்டிப் பறந்தது. 1995-இல் ஆறாவது சுற்றில் எடுத்த டெரல் டேவிஸ் 1998-இல் இரண்டாயிரம் கெஜம் தாண்டினார். அவர் காயம்பட்டதும் 1999-இல் ஒலாண்டிஸ் கேரி 1,159. மறு ஆண்டு மைக் ஆண்டர்சன் 1,487. யாரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் ஆயிரம் கெஜம்! பிறகு வந்த கிளின்டன் போர்ட்டிஸ் 2002, 2003 இரண்டு ஆண்டும் 5.5 சராசரியில் ஆயிரத்து ஐந்நூறு தாண்டினார். 2004-இல் அவரை வாஷிங்டனுக்குக் கொடுத்துவிட்டு சாம்ப் பெய்லி என்ற அருமையான தடுப்பாட்டக்காரரை டென்வர் வாங்கிக்கொண்டது. வாஷிங்டனில் ஜோ கிப்ஸ் அப்போதுதான் ஓய்விலிருந்து திரும்பியிருந்தார். அவருடையது முதுகைப் பிடித்துக்கொண்டு போகும் முறை. போர்ட்டிஸின் சராசரி 3.8 ஆனது. டென்வரில் அதே ஆண்டு ரூபன் ட்ரூன்ஸ் 1,240 ஓடினார்.

கதை அதோடு முடியவில்லை. 2005-இல் போர்ட்டிஸ் வாஷிங்டனிலேயே 1,516 கெஜம் ஓடினார், சராசரி 4.3. ஆளும் முறையும் ஒன்றுக்கொன்று பழகிக்கொள்ள ஓர் ஆண்டு ஆகலாம். முதல் பருவத்தை வைத்தே ஒருவர் தேறமாட்டார் என்று தீர்ப்பு எழுதுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

முறை மாறினால் ஒருவருடைய பலமே பலவீனமாகும் என்பதற்கு லீவியான் பெல். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸில் அவர் ஓடும் விதமே தனி. பந்தை வாங்கிவிட்டு லைனுக்குப் பின்னால் கிட்டத்தட்ட நின்றேவிடுவார், சந்து திறந்ததும் நழுவுவார். ஊரே அந்தப் பொறுமையை மெச்சியது. ஒப்பந்தத் தகராறில் 2018 முழுக்க ஆடாமல் உட்கார்ந்தார். 2019-இல் நியூயார்க் ஜெட்ஸ் நான்கு ஆண்டுக்கு 5.25 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. ஜெட்ஸின் லைன் அவர் காத்திருக்கும் நேரம்வரை தாங்கவில்லை. 245 ஓட்டம், 789 கெஜம், சராசரி 3.2. அவர் இல்லாத 2018-இல் பிட்ஸ்பர்க்கில் அவர் இடத்தில் ஓடிய ஜேம்ஸ் கானர் 4.5 எடுத்திருந்தார்.

மூன்றாவது, குவார்ட்டர்பேக்கின் நிழல். சாதாரணமாகப் பந்தைக் கொடுத்துவிட்ட குவார்ட்டர்பேக் வேடிக்கை பார்ப்பவர் ஆகிவிடுவார். எதிரணியின் பதினொரு பேரில் யாரும் அவரைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. ஆனால் குவார்ட்டர்பேக்கே பந்தோடு ஓடக்கூடியவர் என்றால்? அவர் பந்தை நீட்டுவார், கொடுக்கிறாரா வைத்துக்கொள்கிறாரா என்று கடைசி நொடிவரை தெரியாது. ஓரத்தில் நிற்கும் எதிராளி ஒரு விநாடி அப்படியே உறைந்து நிற்பார். யாரும் தொடாமலே ஒருவரைத் தடுத்தாயிற்று. பால்டிமோர் ரேவன்ஸில் லமார் ஜாக்சன், ஈகிள்ஸில் ஜேலன் ஹர்ட்ஸ் இருவரும் இந்த வகை.

டெரிக் ஹென்றி டென்னசி டைட்டன்ஸில் எட்டு ஆண்டு இருந்தார். 2020-இல் 2,027 கெஜம் ஓடியவர். 2023-இல் சராசரி 4.2-க்கு வந்திருந்தது, முப்பது வயது நெருங்கியது. ரன்னிங் பேக்குக்கு முப்பது என்பது அரசு ஊழியருக்கு அறுபது மாதிரி. பால்டிமோர் இரண்டு ஆண்டுக்கு 1.6 கோடி டாலருக்கு எடுத்தது; அவர் தரத்துக்கு அது சல்லிசு. 2024-இல் அவர் 1,921 கெஜம் ஓடினார், சராசரி 5.9. மூட்டையில் அவர் கொண்டுவந்தது, தொட்ட பின்னும் விழாமல் ஓடும் அந்த உடம்பு. புது வீட்டில் கிடைத்தது லமாரின் நிழல். டென்னசியில் அவரைக் குறிவைத்தே முன்னால் குவிந்த கூட்டம் இங்கே இரண்டு பேரைக் கண்காணிக்க வேண்டியிருந்தது.

பந்தைப் பிடிக்கும் திறமை பற்றி ஒரு வரி: அது கிட்டத்தட்ட முழுசாக மூட்டையில் வரும். கிறிஸ்டியன் மெக்காஃப்ரி 2022 அக்டோபரில் கரோலைனாவிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ போனபோது அவர் கைகளைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 2023-இல் 1,459 கெஜத்தோடு ஓட்டத்திலும் லீகிலேயே முதலிடம் பிடித்தார். பயிற்சியாளர் கைல் ஷானஹன். டென்வர் மைக்கின் மகன். முறையும் அப்பாவுடைய அதே சோன் பரம்பரை.

அப்புறம் வயது, தேய்மானம், அதிர்ஷ்டம். இந்த மூன்றையும் ஒரே ஆளிடம் பார்க்கலாம். 2014-இல் டல்லஸ் கௌபாய்ஸின் டிமார்கோ மரே 392 முறை பந்தை வாங்கி ஓடினார், 1,845 கெஜம். லீகில் முதலிடம். அந்தச் சூட்டிலேயே ஈகிள்ஸ் ஐந்து ஆண்டுக்கு நாலு கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. முகூர்த்த நாளன்று மல்லிகைப்பூ வாங்குகிற மாதிரி: சரக்கு உச்சத்தில் இருக்கும்போதுதான் விலையும் உச்சத்தில் இருக்கும். உச்ச ஆண்டு என்பதே திறமை, நல்ல லைன், காயமின்மை, கொஞ்சம் அதிர்ஷ்டம் எல்லாம் ஒன்றுகூடிய ஆண்டு. அடுத்த ஆண்டும் அத்தனையும் ஒன்றுகூட வேண்டும் என்று சட்டமில்லை. அதனால் அணி மாறாவிட்டாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். மாறினால் அந்த இறக்கத்தின் பழியைப் புது ஊர் சுமக்கும்.

மரேவுக்கு ஈகிள்ஸில் முறையும் ஒத்துவரவில்லை. டல்லஸில் பின்னாலிருந்து நேராக வேகம் பிடித்து வந்தவர், இங்கே குவார்ட்டர்பேக்குக்குப் பக்கத்தில் நின்று குறுக்காக நகர்ந்தபடி பந்தை வாங்க வேண்டியிருந்தது. 702 கெஜம், சராசரி 3.6. ஒரே ஆண்டில் டென்னசிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே 2016-இல் 1,287 கெஜம், 4.4. தீர்ந்துபோன ஆள் என்று எழுதியவர்கள் என்ன செய்தார்களோ தெரியவில்லை.

டல்லஸில் மரேவின் இடத்துக்கு வந்தது டேரன் மெக்ஃபேடன். ஓக்லண்டில் மூன்று ஆண்டாக 3.3, 3.3, 3.4 என்று தள்ளாடிக்கொண்டிருந்தவர். டல்லஸ் லைனுக்குப் பின்னால் 2015-இல் அவர் 1,089 கெஜம் ஓடினார், சராசரி 4.6. முந்தைய ஆண்டு மரே எடுத்தது 4.7.

அதிர்ஷ்டம் என்றேனே, அதையும் கூட்டிக் கழித்துப் பார்க்கலாம். 2024 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்கு எதிராக பார்க்லி ஒரே போட்டியில் 70, 72 கெஜம் என இரண்டு ஓட்டம் ஓடி, எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டி டச் டவுன் எடுத்தார். 345 ஓட்டத்தில் அந்த இரண்டை மட்டும் எடுத்துவிட்டால் அவர் சராசரி 5.8-இலிருந்து 5.4-க்கு வந்துவிடும். இரண்டே இரண்டு ஓட்டம்! அப்படிப்பட்ட நெடு ஓட்டங்கள் வேகமில்லாதவருக்கு வாய்க்காது என்பது சரி. ஆனால் ஓர் ஆண்டில் எத்தனை வாய்க்கும் என்பது ஆண்டுக்கு ஆண்டு தாறுமாறாக மாறும். அணி மாறப்போகும் ஒருவரின் பளபளப்பான சராசரியைப் பார்த்ததும் நான் முதலில் செய்வது, பெரிய ஓட்டங்கள் இரண்டை விரலால் மறைத்துவிட்டு மிச்சம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது.

நீங்களே ஒருவரைக் கணித்துப் பார்க்க விரும்பினால் அவருடைய மொத்த கெஜத்தைக் கடைசியாகப் பாருங்கள். பழைய லைன் எப்படி, புது லைன் எப்படி என்று முதலில் விசாரியுங்கள். அவர் போன பிறகு, அல்லது காயத்தில் உட்கார்ந்தபோது, அதே இடத்தில் ஓடிய மாற்று ஆள் எவ்வளவு எடுத்தார் என்று தேடுங்கள். என்னைக் கேட்டால் இதைவிட மலிவான, உண்மையான சோதனை கிடையாது. மாற்று ஆளும் அதே அளவு எடுத்திருந்தால் அது வீட்டின் கெஜம். புதுப் பயிற்சியாளர் சோனா, பவரா என்று பாருங்கள். குவார்ட்டர்பேக் ஓடுவாரா என்று பாருங்கள். வயது இருபத்தேழு, இருபத்தெட்டைத் தாண்டி, முந்தைய ஆண்டு 350 ஓட்டத்துக்கு மேலும் சுமந்திருந்தால் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். ஹென்றி மாதிரி ஒருவர் வந்து உங்கள் முகத்தில் கரி பூசலாம், பூசட்டும்.

இப்போது அந்தப் பழைய கேள்விக்கு ஒரு முரட்டுக் கணக்கு. ஈகிள்ஸின் அந்த இடத்தில் ஸ்விஃப்ட் எடுத்த சராசரி 4.6. அதே சராசரியில் பார்க்லியின் 345 ஓட்டமும் போயிருந்தால் சுமார் 1,590 கெஜம் வந்திருக்கும். அவர் ஓடியது 2,005. ஆக, 400 சொச்சம் அவர் மூட்டையில் வந்தது, மீதி வீட்டுடையது. ஸ்விஃப்டும் சும்மா ஆளில்லை, நடு லைனிலும் இடையில் மாற்றம் இருந்தது, அதனால் இதை நுணுக்கமான அளவு என்று நான் வாதாடமாட்டேன். ஆனாலும் அந்த ஆண்டின் சிறந்த ஆஃபென்சிவ், அதாவது தாக்குதல் பக்க, வீரர் விருது பார்க்லிக்கே போனது நியாயம்தான்.

2025-இல் பார்க்லி எங்கும் போகவில்லை. அவரைச் சுற்றியிருந்த வீடுதான் நகர்ந்தது. தாக்குதல் திட்டத்தை வகுத்த கெல்லன் மூர் நியூ ஆர்லியன்ஸுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போய்விட்டார். பெக்டன் வேறு அணிக்குப் போனார். லேன் ஜான்சனுக்குப் பாதத்தில் காயம். பார்க்லியின் சராசரி 4.1 ஆனது. சிகாகோவில் அதே ஆண்டு புதுப் பயிற்சியாளர் பென் ஜான்சன் வந்தார், லைனின் நடுவில் மூன்று பேரைப் புதிதாகக் கொண்டுவந்தார்கள். முந்தைய ஆண்டு 3.8-இல் தவித்த ஸ்விஃப்ட் ஆயிரம் கெஜத்தைத் தாண்டினார்.